சத்துமாவில் போட்ட கடலை கசக்கிறது, மாவைக் கொட்டிவிட வேண்டுமா?

பல்லடத்து_அம்மா கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். பொண்ணுக்குப் பத்து மாதம், ஒன்பது கிலோ இருக்கிறாள். போன மாதம் மாமியார் வீட்டிலேயே சத்துமாவு தயார் செய்தார். கேழ்வரகு, கம்பு, மக்காச்சோளம், கோதுமை, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, நிலக்கடலை, கொஞ்சம் முந்திரி, ஏலக்காய், எல்லாம் தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து வந்தது மூன்று கிலோவுக்கு மேல். இரண்டு வாரமாகக் காலையில் ஒரு தடவை கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கிறேன், அவளும் சப்புக் கொட்டிச் சாப்பிடுகிறாள்.

முந்தாநாள் வீட்டுக்காரர் அலமாரியில் மிச்சம் இருந்த அதே கடலைக் கவரை எடுத்து வாயில் போட்டார். மூன்றாவது கடலையிலேயே "தூ" என்று துப்பிவிட்டார். வேப்பங்கொட்டை மாதிரி கசக்கிறது என்றார். நான் கவரைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடியில் சுருங்கின கடலை, உடைந்த பருப்பு, அதில் சிலதின் முளைப் பக்கத்தில் மஞ்சளும் பச்சையுமாக மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தது. கடலை வாங்கியது எங்கள் ஊர்ச் சந்தைப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில், சில்லறையாக, தேதி எதுவும் கிடையாது.

மாமியார் சொல்வது, "வறுத்தாச்சு, அரைச்சாச்சு, மறுபடியும் கொதிக்க வைக்கிறோம், அதுக்கு மேல எந்தப் பூசணம் உயிரோட இருக்கும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை. நேற்றிலிருந்து கொடுக்கவில்லை. என் கேள்வி மூன்று. மாவைக் கொட்டிவிட வேண்டுமா? இரண்டு வாரம் சாப்பிட்டதற்கு ஏதாவது ஆகுமா? அப்புறம், தேடிப் பார்த்ததில் பாலில் கூட இந்த விஷம் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள், அது உண்மையா, இல்லை வாட்ஸப் கதையா? பயமுறுத்தாமல் சொல்லுங்கள்.

சோதனைக்கூடத்தான்:

சகோதரி, முதல் கேள்விக்கு முதலில் பதில். கொட்டிவிடுங்கள். மூன்று கிலோ மாவு போவது வயிற்றெரிச்சல்தான், இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், கடலையும் மிளகாயும்தான் எங்களுக்கு அதிகம் வரும். உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. வறுத்தால் பூஞ்சை செத்துப்போகும். சிக்கல் என்னவென்றால், பூஞ்சை சாவதற்கு முன்னால் விட்டுவிட்டுப் போன சரக்கு அப்படியே இருக்கும். அதற்குப் பெயர் அஃப்ளடாக்சின். ஆஸ்பர்ஜிலஸ் ஃபிளாவஸ் என்ற பூஞ்சையின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர். நீங்கள் பார்த்த மஞ்சள் பச்சைத் தூள் பெரும்பாலும் அந்த வகைதான். இந்த நஞ்சு சிதைய 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வீட்டு வாணலியில் கடலை அந்தச் சூட்டுக்குப் போனால் கரிதான் மிஞ்சும். வறுப்பதில் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது. கஞ்சி கொதிப்பது 100 டிகிரி, அது இதைச் சீண்டக்கூட முடியாது.

இதன் கதை தொடங்கியதே தீவனத்தில்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் வரிசையாகச் செத்தன. என்ன நோய் என்று தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கு. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1974-ல் ராஜஸ்தானின் பன்ஸ்வாடாவிலும் குஜராத்தின் பஞ்சமகால் பக்கமும் அறுவடை நேரத்தில் மழை பிடித்து மக்காச்சோளம் பூசணம் பூத்தது. வேறு தானியம் இல்லாத ஏழைக் குடும்பங்கள் அதையே வாரக்கணக்கில் சாப்பிட்டன. நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மிச்சத்தைத் தின்ற ஊர் நாய்களும் செத்தன. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அது ஒவ்வொரு வேளையும் அதையே சாப்பிட்டு வந்த வினை, உங்கள் வீட்டு நிலைமை அது இல்லை. ஆனால் வேக வைத்தால் சரியாகிவிடும் என்றால் அங்கே ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள், அதற்காகச் சொன்னேன்.

அளவு எவ்வளவு சின்னது தெரியுமா? நம் நாட்டில் தானியம், பயறு, பதப்படுத்தப் போகிற கடலை இவற்றுக்கு வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். பத்து டன் லாரி நிறைய கடலை ஏற்றினால் அதில் மொத்தமாக 0.15 கிராம். மூக்குப்பொடி ஒரு சிட்டிகை கூட வராது. குழந்தை உணவு என்றால் ஐரோப்பாவில் இந்த நஞ்சுக் குடும்பத்தில் மிக மோசமான பி1-க்கு மட்டும் வரம்பு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம்.

இன்னொன்று, இந்த நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது. ஆயிரம் கடலையில் 999 சுத்தமாக இருக்கும், ஒன்று மட்டும் மொத்தத்தையும் வைத்திருக்கும். முழுக் கடலையாகத் தின்னும்போது அந்த ஒன்று கசந்தால் உங்கள் வீட்டுக்காரர் மாதிரி துப்பிவிடலாம். அரைத்த பிறகு துப்ப வழியில்லை. வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்தால் கசப்பும் தெரியாது. குழந்தை எதையும் காட்டிக்கொடுக்காது.

கசப்பும் சிக்கு வாடையும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் கூடத்துக்கு வருகிறவர்களே குழம்புவார்கள். பழைய கடலையில் எண்ணெய் கெட்டுப் போனால் வரும் வாடை சிக்கு. அது தனி விவகாரம். அஃப்ளடாக்சினுக்கு என்று நிறமோ மணமோ கிடையாது. பூசணமும் சுருக்கமும் கசப்பும் 'இங்கே ஏதோ நடந்திருக்கிறது' என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான்.

பெரியகடலைக்காரர்:

அறுபத்தெட்டு வயசு ஆகிறது எனக்கு. திருவண்ணாமலைப் பக்கம் மானாவாரிக் கடலைக் காடு. கொடியோடு பிடுங்கி, மண்ணை உதறி, வரப்பிலேயே சருகு போட்டுச் சுட்டுத் தின்று வளர்ந்தவன். எங்கள் வீட்டில் ஒன்பது பேர், ஒருத்தருக்கும் கல்லீரல் போகவில்லை. பித்தளைப் பாத்திரத்தில் பால் காய்ச்சிக் குடித்தோம், செக்கில் ஆட்டின எண்ணெயில் சமைத்தோம். இப்போது எதைத் தொட்டாலும் விஷம் என்கிறீர்கள். சோதனைக்கூடத் தம்பிக்கு வேலை நடக்க வேண்டும், அதனால் எழுதுகிறார். பாப்பா, நீ அந்த மாவை நன்றாக வெயிலில் போட்டு எடுத்துக் குழந்தைக்குக் கொடு. ஒன்றும் ஆகாது.

சோதனைக்கூடத்தான்:

ஐயா, காட்டில் பிடுங்கி அன்றைக்கே சுட்டுத் தின்ற கடலையைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை, எனக்கும் கிடைத்தால் தின்பேன். மழை இல்லாமல் காய்ந்த காட்டில் சில சமயம் மண்ணுக்குள்ளேயே பூஞ்சை ஏறிவிடும். மற்றபடி தொல்லை பெரும்பாலும் பிறகு வருகிறது. அரையும் குறையுமாகக் காய்ந்த காய், பிளாஸ்டிக் சாக்கு, மூன்று கைமாறிய குடோன், மளிகைக் கடையில் ஆறு மாதம். நீங்கள் தின்ற கடலையும் இந்தக் கவரில் இருக்கும் கடலையும் பெயரில்தான் ஒன்று.

மாவை வெயிலில் போடுவது வேண்டாம். ஆனால் வெயில் என்று நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. செக்கில் ஆட்டின எண்ணெயை அண்டாவில் ஊற்றி, வாயில் வேட்டித்துணி கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வைப்பார்கள் அல்லவா, கசண்டு அடியில் தங்குவதற்காக? எண்ணெயில் கரைந்திருக்கிற அஃப்ளடாக்சினை வெயில் சிதைக்கும். மைசூரில் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்ற மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தில் 1970களிலேயே இதைச் செய்து பார்த்துப் பதிப்பித்திருக்கிறார்கள். எண்ணெய்க்குள் ஒளி ஊடுருவும், அதனால் நடக்கிறது. முழுக் கடலைக்கு உள்ளேயோ குவித்த மாவின் அடியிலோ ஒளி போகாது. கடலையை ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கோடு போய்விடும், கொஞ்சம் எண்ணெயில் நிற்கும். ரீஃபைன் செய்யும்போது அதுவும் போகும், செக்கெண்ணெயில் அந்த வசதி இல்லை. அதனால் மரச்செக்கு என்று போர்டு வைத்தவர்களிடம் எல்லாம் ஒரு கேள்வி கேளுங்கள்: சொத்தை பொறுக்கித்தான் ஆட்டுகிறீர்களா? முகத்தைப் பார்த்தாலே பதில் தெரியும்.

நாலு_மாடு:

பால் கேள்விக்கு நான் வருகிறேன். காங்கேயம் பக்கம், நாலு கறவை மாடு, சொசைட்டிக்குத்தான் ஊற்றுகிறேன்.

அம்மிணி, அது வாட்ஸப் கதை இல்லைங்க. மாடு பூசணம் பிடித்த தீவனத்தைத் தின்றால் அதன் ஈரல் அந்த நஞ்சைக் கொஞ்சம் மாற்றிப் பாலில் இறக்கிவிடும். எம்1 என்கிறார்கள். 2018-ல் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதுதாங்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்தது. ஊரெல்லாம் யூரியா, டிடர்ஜென்ட் என்று பேசிக்கொண்டு இருந்தோம், அந்தக் கலப்படம் சொற்பம்தான் அகப்பட்டது. 368 மாதிரியில் இந்த எம்1 வரம்புக்கு மேல் இருந்தது. அதில் முதலிடம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? நமக்குத்தான். தமிழ்நாட்டில் எடுத்த 551-ல் 88. ஆறில் ஒன்று. கறந்த பாலைவிடப் பாக்கெட் பாலில்தான் அதிகம் என்றும் சொன்னார்கள். 2019-ல் அறிக்கை வந்த அன்றைக்கு எங்கள் சொசைட்டியில் ஒரே சண்டை. செயலாளர் எங்களைப் பார்க்கிறார், நாங்கள் தீவனக் கடையைப் பார்க்கிறோம், தீவனக் கடைக்காரர் வானத்தைப் பார்க்கிறார்.

உண்மையைச் சொன்னால் என் கையிலும் அந்தப் பாவம் உண்டு. கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, மக்காச்சோளத் தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, இதெல்லாம்தான் எங்கள் தீவனம். நல்லதாக வருவது எண்ணெய் மில்லுக்கும் மிட்டாய்க்காரருக்கும் போகும். மனுஷன் தின்ன மாட்டான் என்று கழித்தது மாட்டுக்கு வரும். ஐப்பசி மழையில் பிண்ணாக்குச் சாக்கைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். பத்து நாள் கழித்துக் கையை விட்டால் நடுவில் சுடுகிறது, வில்லை வில்லையாக ஒட்டிக்கொண்டு இருக்கிறது, உடைத்தால் உள்ளே பச்சை. என் அப்பா, "தட்டிப் போடுடா, மாடு தின்னும்" என்றார். மாடு தின்னத்தான் செய்தது. பாலும் வழக்கம் போலக் கறந்தது, கொஞ்சம் குறைந்தது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது பலகை அடித்து, அதன் மேல் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குகிறேன். ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைப்பதில்லை. கால்நடை டாக்டர் சொன்ன நல்ல செய்தி ஒன்று, கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பால் சுத்தமாகிவிடும். ஆனால் காய்ச்சினால் போகாது, தயிராக்கினாலும் போகாது. இதைச் சரி செய்ய வேண்டிய இடம் தொழுவம், உங்கள் அடுப்பு இல்லை.

கடலையைப் பற்றியும் ஒன்று. எங்கள் சொந்தக்காரர் கடலை உடைக்கிற மில் வைத்திருந்தார். காய்ந்த காயை அப்படியே மெஷினில் விட்டால் பருப்பு இரண்டாகப் பிளக்கும், விலை போகாது. அதனால் முந்தின நாள் ராத்திரி குவியல் மேல் தண்ணீர் தெளித்துச் சாக்குப் போட்டு மூடுவார்கள். காலையில் தோல் பதமாக இருக்கும், பருப்பு முழுசாக வரும், எடையும் நிற்கும். எல்லோரும் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வெயிலில் ஒரு வாரம் காயப்போட்ட உழைப்பு அந்த ஒரு ராத்திரியில் போச்சு. இனிமேல் குழந்தைக்கு என்றால் தொலியோடு இருக்கிற காயாக வாங்கி, தண்ணீர் தொடாமல் கையால் உடையுங்கள். விரல் வலிக்கும், வேறு வழியில்லை.

வார்டு_அக்கா:

குழந்தைகள் வார்டில் இருபது வருஷமாக நர்ஸ். இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, அந்த அம்மாவுக்கு அதுதானே தூக்கத்தைக் கெடுக்கும்.

தங்கச்சி, இரண்டு வாரம், நாளைக்கு ஒரு வேளை, இரண்டு ஸ்பூன் மாவு, அதில் கடலை ஒரு பங்கு. குழந்தை சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள், எடை ஏறுகிறது என்றால் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருங்கள். கண் மஞ்சளாவது, வயிறு உப்புவது, கால் வீங்குவது, விடாத வாந்தி, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, இதில் எது வந்தாலும் காரணம் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இதற்கென்று ஒரு மருந்தோ, 'டீடாக்ஸ்' கஷாயமோ கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இதில் கவலை ஒரு நாள் சாப்பாட்டைப் பற்றியது இல்லை, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருவதைப் பற்றியது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே இதை முதல் வரிசையில் வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமியும் இதுவும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. அதனால் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஒன்று, அப்புறம் 6, 10, 14 வாரத்தில் போட்ட பென்டாவேலன்ட் என்ற கூட்டுத் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கும். போட்டிருந்தால் பாதிக் கவலை போச்சு.

ஏன் குழந்தைகளுக்கு என்று தனியாகச் சொல்கிறோம் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது கிலோ குழந்தை அரை லிட்டர் பால் குடிப்பது, அறுபது கிலோ ஆள் மூன்று லிட்டருக்கு மேல் குடிப்பதற்குச் சமம். நாம் இட்லி, சோறு, குழம்பு, மீன் என்று பலதும் சாப்பிடுகிறோம், அவர்களுக்கு அதே கஞ்சி, அதே பால். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனினிலும் டோகோவிலும் ஐந்து வயதுக்குள் இருந்த 480 குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் இந்த நஞ்சின் தடயம் இருந்தது. தாய்ப்பால் நின்று முழுக்கக் கஞ்சிக்கு மாறிய பிள்ளைகளுக்கு அதிகம், வளர்த்தி குறைந்த பிள்ளைகளுக்கும் அதிகம். வளர்த்தி குறைய இதுதான் காரணமா, ஏழ்மையும் வயிற்றுப்போக்கும் காரணமா என்று இன்னும் ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். ஆக, தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதை நிறுத்தாதீர்கள்.

சத்துமாவு என்பதால் ஒரு பழைய சம்பவமும் ஞாபகம் வருகிறது. மைசூரில் சத்துக் குறைவான குழந்தைகளுக்குப் புரதத்துக்காக நிலக்கடலை மாவு கொடுத்திருக்கிறார்கள். நல்லது என்று நினைத்துக் கொடுத்த அந்த மாவிலேயே அஃப்ளடாக்சின் இருந்திருக்கிறது. பிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் கல்லீரல் கெட்டது, 1971-ல் அது கட்டுரையாக வெளிவந்தது. எனக்கு இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்த டாக்டரம்மா, "சத்து என்று பெயர் எழுதியிருப்பதால் டப்பாவைத் திறந்து பார்க்காமல் இருக்காதே" என்பார்.

பெரியகடலைக்கார ஐயா, பித்தளைப் பாத்திரத்தை இழுத்தீர்களே. நம் நாட்டில் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளுக்குக் கல்லீரல் இறுகிப்போகும் நோய் ஒன்று இருந்தது. முதலில் அஃப்ளடாக்சின் மேல்தான் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் பால் காய்ச்சியதில் இறங்கிய செம்புதான் முக்கியக் குற்றவாளி என்று தெரிந்தது. எவர்சில்வர் வந்த பிறகு அந்த நோயை நாங்கள் வார்டில் பார்ப்பதே இல்லை. உங்கள் ஒன்பது பேரும் நன்றாக இருப்பதில் சந்தோஷம். பக்கத்துத் தெருவில் கேட்டால் வேறு கதை வரலாம்.

கடலையை நிறுத்தச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஏழைப் பிள்ளைகளுக்கு அதுதான் பாதாம். மூன்று கிலோ செய்யாமல் கால் கிலோ செய்யுங்கள். கடலையும் மக்காச்சோளமும் இல்லாமல் ஒரு மாவு, இருந்தால் ஒரு மாவு, மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரு வாரம் கேழ்வரகு, அடுத்த வாரம் பாசிப்பருப்பு சாதம்.

சோதனைக்கூடத்தான்:

அக்கா சொன்னதோடு ஒன்று மட்டும். பொறுக்குவதை லேசாக நினைக்காதீர்கள். எங்கள் கூடத்தில் இருக்கிற எந்த மெஷினையும்விட அது வீட்டுக்கு அதிகம் உதவும். ஆப்பிரிக்காவில் கினியா நாட்டில் 20 கிராமங்களை எடுத்து, அதில் பாதிக் கிராமங்களில் முக்கியமாகச் சொன்னது இதுதான்: மண் தரையில் காயப்போடாதே, பாயில் போடு. நன்றாகக் காய்ந்ததா என்று குலுக்கிப் பார். சொத்தையைக் கையால் பொறுக்கு. சணல் சாக்கில் கட்டு. பலகை மேல் வை. அஞ்சு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், சொன்ன கிராமங்களில் நஞ்சின் அளவு மற்றவர்களைவிடப் பாதிக்கும் கீழே. லான்செட் என்ற மருத்துவ இதழில் 2005-ல் வந்தது. நம் பாட்டிகள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கதை பேசியபடி செய்த வேலைதான், பாக்கெட் வந்ததும் அதை விட்டோம்.

பொறுக்கும்போது சுருங்கினது, நிறம் மாறினது, உடைந்தது, முளைத்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் வெளியே. வறுத்துத் தோலை ஊதிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள், தோலுக்கு அடியில் கறுத்தது அப்போதுதான் தெரியும். 'கெட்ட பாகத்தைக் கிள்ளிவிட்டு' மிச்சத்தைப் போடக் கூடாது.

கம்புக்கு வேறு தொல்லை, எர்காட் என்று கறுப்புக் கட்டி. தேன் ஒழுகல் நோய் என்றால் விவசாயிகளுக்குத் தெரியும். உப்புத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், வடித்துவிட்டு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிக் காயவைக்கலாம். ஆப்பிள் ஜூஸில் பட்டுலின் என்று ஒன்று உண்டு, அழுகின பழத்தைச் சேர்த்துப் பிழிந்தால் வரும். பத்து மாதக் குழந்தைக்கு ஜூஸே வேண்டாம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

பல்லடத்து_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, அட்டையைப் பார்த்தேன், நான்கு ஊசியும் இருக்கிறது. குழந்தை வழக்கம் போலத்தான், இப்போது கூட என் சார்ஜரைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள்.

நேற்று வேறு கடையில் தொலியோடு அரைக் கிலோ காய் வாங்கி வந்தேன். மாமியாரிடம் ஒன்றும் சொல்லாமல் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து உடைத்தேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு அவராகவே வந்து உட்கார்ந்தார். அவர் கை வேகத்துக்கு நான் ஈடே இல்லை, கட்டை விரலால் ஒரு அமுக்கு, காய் வாயைத் திறக்கிறது. பொறுக்கி எடுத்தது 41 கடலை. அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா இதையெல்லாம் தனியா ஒரு ஓலைப்பெட்டியில போடுவாங்க, நாந்தான் மறந்துட்டேன்" என்றார். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

இல்லை. காலையில் பார்த்தால் மூன்று கிலோ மாவையும் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறார், அடுத்த தெருவில் நாங்கள் பால் வாங்குகிற வீட்டு மாட்டுக்குக் கொடுக்க. "புள்ளைக்குத்தான் வேண்டாம், மாடு தின்னட்டும், வீணாக்கக் கூடாது" என்கிறார். நாலு மாடு அண்ணா, இதற்கு என்ன சொல்வது?

நாலு_மாடு:

ஐயோ அம்மிணி, கொடுக்காதீங்க! நாளை மறுநாள் அதே வீட்டுப் பாலைத்தானே சொம்பில் வாங்கி உங்கள் பொண்ணுக்கே ஊற்றுவீங்க. கோழிக்கும் போடாதீங்க, கோழிக்கும் வாத்துக்கும் இது ஆகாது, மேலே தம்பி சொன்ன வான்கோழி கதைதான். ஒரு முழம் குழி எடுத்துப் புதைச்சிடுங்க. அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, மாட்டுக்காரன் சொன்னால் கேட்பாங்க.

பல்லடத்து_அம்மா:

கேட்டார் அண்ணா. கொல்லையில் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் புதைத்தாயிற்று. பக்கத்து வீட்டுக் கோழி வந்து கிளறும் என்று அவரே அம்மிக்கல்லை உருட்டி மேலே வைத்துவிட்டார்.